குசினிப் பிளக்கும் பெரியாயியும்

பெரியாயிக்கு அடங்கிப் போகத் தெரியாது. மடுல்சீமையில் தேயிலைக் கொழுந்தெடுத்த வயதில், காலையில் ஆள் எண்ணும் பெரட்டுக் களத்தில் கங்காணி அவள் பேரைச் சொல்லாமல் "ஏய்" என்று கூப்பிட்டாராம். கூடையைக் கழற்றி அவர் காலடியில் வைத்துவிட்டு பஸ் ஏறிப் போனவள் அவள். தொண்ணூறுகளின் தொடக்கத்திலிருந்து ஹாலிஎலவுக்கு மேலே ஒரு பழைய துரை பங்களாவில் சமையல். பங்களா எத்தனையோ கை மாறியது. குசினி மட்டும் அவள் கையிலேயே இருந்தது.

அங்கே அவளுக்கென்று இருந்தது ஒரு ரேடியோ. பேட்டரி போட வழியில்லாத, கரண்டில் மட்டும் ஓடும் கிழட்டுப் பெட்டி. பாட்டுக்காக அவள் அதை வைத்திருக்கவில்லை. காலையில் மரண அறிவித்தல் வாசிப்பார்களே, அதற்காகத்தான். சாவு கேட்காவிட்டால் பெரியாயிக்குச் சோறு இறங்காது என்று தோட்டக்காரன் கேலி செய்வான். செய்யட்டும். அவளை வளர்த்த அக்கா ரெங்கம்மா இன்னும் மடுல்சீமைத் தோட்டத்து லயத்து வீட்டில்தான் இருந்தாள். பங்களாவில் டெலிபோன் இருந்ததுதான், ஆனால் சமையல்காரியோடு பேச அதில் யார் கூப்பிடுவார்கள்? அம்மா செத்தபோதும் மாமன் செத்தபோதும் வீட்டார் ரேடியோவுக்குத்தான் சொன்னார்கள். இரண்டு தடவையும் பிணம் எடுக்குமுன் பெரியாயி போய்ச் சேர்ந்துவிட்டாள். ரேடியோவுக்குச் சொன்னால் அவளுக்குச் சொன்ன மாதிரி.

இரண்டாயிரத்து நான்கில் பரமலிங்கம் ஐயா பங்களாவைக் குத்தகைக்கு எடுத்தார். கொழும்பில் இன்ஜினியராக இருந்து ஓய்வுபெற்ற யாழ்ப்பாணத்துக்காரர். அதை விருந்தாளிகள் தங்கும் விடுதியாக்கினார். வீடு முழுக்கப் பாட்டு கேட்க வேண்டும் என்பது அவர் ஆசை. அறைக்கு அறை ஸ்பீக்கர், அலமாரியில் வரிசையாக அம்ப்ளிபயர்கள். அவை நாள் முழுதும் சூடாகிக் கிடக்கக் கூடாதென்று, பதுளை டவுனில் கடை வைத்திருந்த ஷாமிலைக் கூட்டிவந்து தானாக இயங்க வைத்தார். ஹாலில் சீடி ஓடத் தொடங்கினால் அலமாரியில் 'டிக்' என்று ஒரு சத்தம். அத்தனைக்கும் கரண்ட் போகும். சீடி நின்றால் தானாகவே அணையும். வந்தவர் போனவர் எல்லோருக்கும் அதைக் காட்டினார். கெட்டிக்கார வேலைதான், இல்லை என்று யார் சொன்னது? ஆனால் வீடு முழுக்க என்றவர், குசினிக்கு மட்டும் ஸ்பீக்கர் வைக்கவில்லை.

அன்றிலிருந்து காலையில் பாட்டு தொடங்கியதும் பெரியாயியின் ரேடியோ செத்துப்போகும். ஐயாவிடம் சொன்னாள். பெட்டி பழசாகிவிட்டது, தூக்கி எறியச் சொன்னார். அவள் தட்டித் தட்டிப் பார்த்தாள்.

ஒரு மழை நாளில் ரெங்கம்மாவின் மகன் நல்லையா குசினி வாசலில் வந்து நின்றான். மொட்டைத் தலை.

"ஏன் சின்னம்மா வரல? ரேடியோவுல சொன்னோமே. ஒங்களுக்காக அம்மாவ எடுக்காம வச்சிருந்தோம்."

அவனை அனுப்பிவிட்டு ரேடியோவைத் தூக்கிக்கொண்டு ஷாமிலின் கடைக்குப் போனாள். வழியெல்லாம் பெட்டியைத் திட்டித் தீர்த்தாள். கடையில் அது கணீரென்று பாடியது. ஷாமில் தலையைச் சொறிந்தான், பிறகு உண்மையைச் சொன்னான். குசினிச் சத்தம் சாப்பாட்டு அறைப் பாட்டோடு கலக்கக் கூடாதென்று, அம்ப்ளிபயர்களுக்குக் கரண்ட் போகும்போதெல்லாம் குசினிப் பிளக்கில் கரண்ட் நிற்கும்படி வயர் இழுக்கச் சொன்னது ஐயாதான். பெரியாயிக்கு அழுகை வந்தது. அதைவிட ஆத்திரம் வந்தது.

மறுநாள் காலை விருந்தாளிகள் இன்னும் எழவில்லை. ஐயா தனியாக இடியப்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார், சுற்றிலும் வீணை ஒலித்தது. பெரியாயி ரேடியோவைக் கொண்டுவந்து அவர் மேசைமேல் வைத்தாள். சுவர்ப் பிளக்கில் செருகி, சத்தத்தை முழுக்கத் திருகினாள்.

அவர் எழுந்துபோய்ச் சீடியை நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். அம்ப்ளிபயர்கள் அணைந்தன.

"உதென்ன வேலை, பெரியாயி? சாப்பிடுற இடத்தில செத்தவீட்டுச் செய்தியே?"

"சாகுறவங்க வீட்டுலயும் சாப்பிடுறவங்கதாங்க ஐயா இருக்காங்க."

வேலையை விட்டுப் போகலாம் என்று அவர் சொல்ல வாயெடுத்தார். அவளும் அதற்குத் தயாராகத்தான் வந்திருந்தாள். அதற்குள் ரேடியோவில் அடுத்த அறிவித்தல் தொடங்கியது. "காரைநகரைப் பிறப்பிடமாகவும், வெள்ளவத்தையை வசிப்பிடமாகவும் கொண்ட..."

காரைநகர் பரமலிங்கம் பிறந்த ஊர். வெள்ளவத்தையில் அவருடைய தம்பி, வாத்தியாராக இருந்தவர், குடும்பத்தோடு இருந்தார். ஐயாவின் கை இடியப்பத் தட்டிலேயே நின்றுவிட்டது.

"...ஓய்வுபெற்ற ஆசிரியர்..."

பெரியாயி பிளக்கைப் பிடுங்கினாள்.

"ஆர்?" என்று அவர் எழுந்தேவிட்டார். "பெரியாயி, ஆர் செத்தது?"

"தெரியாதுங்க ஐயா. எங்க அக்கா செத்த அன்னைக்கு எனக்கும் இப்படித்தாங்க தெரியாமப் போச்சு."

பிளக்கை மேசையில் வைத்துவிட்டுக் குசினிக்கு நடந்தாள். பரமலிங்கம் அதை எடுத்துச் சுவரில் செருகினார். ரேடியோ வேறு யாரோ ஒருவருடைய ஊரைச் சொல்லிக்கொண்டிருந்தது.