வண்டியில் எத்தனை பேர்?

காலை ஏழு மணி இருபத்தைந்து நிமிடம். இலங்கை மலையகத்தில், ஸ்பிரிங்வெளிப் பக்கத்தில் நான் கிளார்க்காக இருந்த தேயிலைத் தோட்டத்தின் அலுவலக முற்றத்தில் முதலில் கண்ணில் பட்டது ஒரு கறுப்புக் கம்பளி. நான்கு பேர் நான்கு மூலைகளையும் பிடித்துத் தூக்கி வந்தார்கள். உள்ளே ஒரு பெண் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். தோட்டங்கள் அரசாங்கத்தின் கைக்கு மாறிச் சில வருடங்களே ஆகியிருந்த காலம்.

கூடவே ஓடி வந்த தோட்டத்து மருத்துவிச்சி மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார்: "தலைப்பிரசவம் கிளாக்கரய்யா. புள்ளைக்குக் கால் முன்னால வருது. இங்க வெச்சு என்னால ஒண்ணும் செய்ய முடியாது. பதுளைக்குக் கொண்டு போயிரணும்."

தோட்டத்து லொறி தேயிலைப் பெட்டிகளோடு தெமோதரை ஸ்டேஷனுக்குப் போயிருந்தது. தோட்டத்து மேலாளரான துரையின் ஜீப் பண்டாரவளையில் நின்றது. முற்றத்தில் மிஞ்சியிருந்தது என்னுடைய மினி கூப்பர் மட்டும்தான்.

அந்த வண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஊர் திரும்பிய வெள்ளைக்காரச் சின்னதுரை, அதாவது உதவி மேலாளர், ஒருவரிடம் வாங்கியது. மலை ரோட்டில் நடக்கும் அடுத்த கார்ப் போட்டியில் ஓடுவதென்று முடிவு செய்து, மூன்று வாரங்களுக்கு முன் பதுளையில் ஒரு டயர் கடைக்குப் போயிருந்தேன். முதலாளி என் வயதுக்காரர், முஸ்லிம், என்னைப் போலவே கார்ப் பைத்தியம். இறக்குமதி நின்றுபோன நாட்களில் எங்கெங்கோ தேடி இரண்டு செட் சக்கரங்கள் வைத்திருந்தார். ஒன்று நாலரை அங்குல அகலம், மற்றது ஆறு அங்குலம். பழைய சக்கரமோ மூன்றரைதான்.

ஆறு அங்குலத்தைப் பூட்டிப் பார்த்தோம். டயர்கள் மட்கார்டுக்கு வெளியே இரண்டு விரல் தள்ளி நின்றன. வண்டி பதுங்கி நிற்கும் புலி போலத் தெரிந்தது. வளைவில் ரோட்டை விடாது என்று முதலாளியும் சொன்னார். பின்பக்கத்தைக் கையால் அழுத்திப் பார்த்துவிட்டு, "வண்டியில எத்தன பேர் போவீங்க?" என்று கேட்டார்.

"ஒராள்தான். நான் மட்டும்."

"அப்ப சரி."

அந்தச் சக்கரங்களோடுதான் அன்று காலை ஐந்து பேர் ஏறினோம். பின்சீற்றில் மருத்துவிச்சியின் மடியில் அந்தப் பெண். அவள் காலைத் தாங்கிக்கொண்டு கணவன். முன்னால் என் பக்கத்தில் அவளுடைய தாய். கொழுந்து பறிக்கும் தொழிலாளி, நாற்பத்தைந்து வயதிருக்கும். மடியில் துணி மூட்டையும் சுடுதண்ணீர்ப் போத்தலும் வைத்திருந்தார்.

நல்ல தார் ரோட்டைப் பிடிக்கும் வரை ஏழு கொண்டை வளைவுகள். முதல் வளைவில் வண்டி சாய்ந்தபோது பின்னாலிருந்து அரம் போடுவது போல ஒரு சத்தம். அடுத்த நிமிடம் ரப்பர் கருகும் மணம். நிறுத்தி இறங்கிப் பார்த்தேன். பாரத்தில் வண்டி அமிழ்ந்து, மட்கார்டின் விளிம்பு டயரின் பக்கவாட்டில் நகக்கண் ஆழத்துக்கு வெட்டியிருந்தது. ஒரு பக்கம் தேயிலை மலை, மறுபக்கம் பள்ளம். வெடித்தால் என்ன ஆகும் என்று யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

கணவன் இறங்கி வந்து டயரைப் பார்த்தான்.

"சக்கரம் அகலம் கூடிப்போச்சு. பாரம் ஏத்தினால் உரசுது. பிழை என்னுடையதுதான்" என்றேன்.

ஏன் அப்படிப்பட்ட சக்கரத்தைப் போட்டீர்கள் என்று அவன் கேட்கவில்லை. "எத்தன பேரு எறங்கணுங்க?" என்றுதான் கேட்டான்.

"இரண்டு பேர்."

நான் சொல்லி முடிக்கும் முன்பே அந்தத் தாய் கதவைத் திறந்திருந்தார். "நாங்க குறுக்கால எறங்கிருவோம். நீங்க பாத்து ஓட்டுங்க."

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தேயிலைச் செடிகளுக்கு இடையில் இறங்கினார். மருமகன் பின்னால் ஓடினான். ரோட்டு அரை மைல் சுற்றி இறங்கும் தூரத்தைக் கொழுந்துப் பாதை ஒரே சரிவில் இறங்கிவிடும். நான் அடுத்த வளைவுக்கு வந்தபோது, கீழேயிருந்து வண்டி எதுவும் வரவில்லை என்று தாய் கையை உயர்த்திக் காட்டினார். கணவன் குனிந்து, ரோட்டுக் குழிகளில் கல் வைத்து நிரப்பிக்கொண்டிருந்தான். சக்கரம் குழியில் இறங்கினால் மறுபடி உரசும் என்பதை நான் சொல்லவில்லை. ஒருமுறை பார்த்ததிலேயே அவனுக்குப் புரிந்திருந்தது.

மூன்றாம் வளைவிலும் அப்படியே. நான்கிலும் அப்படியே. நான் ஆள் நடக்கும் வேகத்தில் ஓட்டினேன்.

ஒவ்வொரு வளைவு வரும்போதும் அந்தப் பெண் பல்லைக் கடித்துக்கொண்டு, "வந்துட்டாரா?" என்று கேட்டாள்.

"நிக்கிறாரு பாரு" என்றார் மருத்துவிச்சி. "கல்யாணத்துக்கு முன்னால உன் பின்னாடி ஓடுனது பத்தலையாம்."

வலியின் நடுவே அவள் சிரித்ததைக் கண்ணாடியில் பார்த்தேன்.

ஆறாம் வளைவில் தாய் மட்டும் நின்றார். "எங்க அவரு?" என்று அவள் எழும்பப் பார்த்தாள். சரிவில் செடிகள் அசைந்தன. முழங்கால் கிழிந்து இரத்தம் வழிய, இரண்டு கைகளிலும் கற்களோடு அவன் வந்து சேர்ந்தான். குழியை நிரப்பிவிட்டுத்தான் அவளைத் திரும்பிப் பார்த்தான்.

ஏழாவது வளைவு தாண்டி நல்ல ரோட்டு வந்ததும் நிறுத்தி இருவரையும் ஏறச் சொன்னேன். அவன் டயருக்குப் பக்கத்தில் குந்தி, வெட்டின் மேல் விரலை ஓட்டினான்.

"வேணாங்க. வெடிச்சா அவ நடுரோட்டுல கெடப்பா. நீங்க போங்க."

"வந்துருவீங்கல்ல?" என்றாள் அவள்.

"பின்னாலயே வர்றேன்."

எட்டு மணி நாற்பதுக்கு ஆஸ்பத்திரியை அடைந்தோம். அவளை நேரே ஒப்பரேஷனுக்குக் கொண்டு போனார்கள். வெறுங்காலோடு இரண்டு மைல் ஓடி, ஒன்பது மணிக்குச் சற்றுப் பின்னால் அவர்கள் இருவரும் வாசலுக்கு வந்தார்கள். அவன் தலையில் தேயிலைச் சருகு ஒட்டியிருந்தது.

"வெடிக்கலையே?" என்றான்.

"இல்லை."

அதன் பிறகே படியில் உட்கார்ந்தான். பத்து மணிக்குத் தாதி வந்து பெண் குழந்தை என்றும், தாய் சுகம் என்றும் சொன்னார். மாமியார் அவன் தலையிலிருந்த சருகுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டார்.

அன்று மாலையே டயர் கடைக்குப் போனேன். முதலாளி ஆச்சரியப்பட்டார். "போட்டிக்கு ஆறு வாரந்தானே இருக்கு? இதக் கழட்டிட்டு என்னத்தப் போட?"

"இங்க விட்டுட்டுப் போன பழையதையே பூட்டுங்கோ."

குனிந்து வெட்டைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "வண்டியில எத்தன பேர் போவீங்க?" என்று கேட்டார்.

"ஐந்து பேர். அதில் ஒராள் கைக்குழந்தை."

நான் அந்தப் போட்டியில் ஓடவில்லை. அதில் எனக்கு வருத்தமும் இல்லை. இத்தனை வருடங்களுக்குப் பிறகும் மனதை விட்டுப் போகாதது வேறொன்று: அந்தத் தாயும் மருமகனும் அன்றும் சரி, பின்னரும் சரி, என் சக்கரங்களைப் பற்றி ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை.

பத்தாம் நாள் அவர்களை வீட்டுக்கு அழைத்து வந்தேன். முதல் வளைவு கண்ணில் பட்டதும் தாயும் மருமகனும் ஒரே நேரத்தில் கதவுப் பிடியில் கை வைத்தார்கள்.

"இருங்கோ" என்றேன்.

ஏழு வளைவிலும் யாரும் இறங்கவில்லை.