நோயின் பெயரைச் சொல்லச் சொன்ன நபீசா டீச்சர்

இரத்தோட்டைக் கடைத்தெருவில் பேக்கரி முன்னே பாணுக்கு வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். மாத்தளையிலிருந்து வந்த பஸ்ஸின் கண்டக்டர் என்னைக் கண்டதும் இறங்கி வந்தார். அவருடைய மகள் எங்கள் பாடசாலையில்தான் படிக்கிறாள். "ஒங்களுக்குச் சேதி வரலிங்களா டீச்சர்? நபீசா டீச்சர் காலையில போயிட்டாங்க. அலுவிகாரை வீட்டுலதான் இருக்காங்க. பகல் தொழுகைக்குப் பொறகு எடுக்கிறாங்களாம்" என்றார். பாணை மறந்து அதே பஸ்ஸில் ஏறிக்கொண்டேன். வரும் என்று தெரிந்திருந்த செய்திதான். ஆனாலும் மாத்தளை வரும்வரை பக்கத்திலிருந்தவர் பேசிய எதுவும் என் காதில் விழவில்லை.

இதை வாசிக்கும் உங்களில் பலர் அவரிடம் புவியியல் படித்தவர்கள், அல்லது பிள்ளைகளை அவரிடம் அனுப்பியவர்கள். கணவர் நாவுலயிலிருந்து மரக்கறி ஏற்றிவந்த லொறி கவிழ்ந்து இறந்தபோது டீச்சருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. பிள்ளைகள் இல்லை. மிளகும் கராம்பும் வாங்கி விற்கும் தம்பி சலீமின் வீட்டில் இருந்தார். குசுகுசுவென்று வாசிக்கும் பிள்ளைகளைப் பார்த்து, "சத்தமாப் படிங்க. களவெடுத்த சாமானையா கையில வெச்சிருக்கிற?" என்பார். அடுத்த வகுப்பில் பாடம் நடத்தும் எனக்கும் அது கேட்கும். சில நாட்கள் நானும் என் பிள்ளைகளும் சேர்ந்தே சிரித்துவிடுவோம்.

சென்ற வருட மழைக்காலத்தில் அவருடைய முகம் காலையில் ஊதியிருக்கத் தொடங்கியது. பிறகு கால்கள். தம்பியின் பெரிய இறப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு பாடசாலைக்கு வந்தார். கேட்டால், "மழைக்கு இதுதான் நல்லம்" என்பார். பிறகு வயிறு. சேலையை எப்படிச் சுற்றினாலும், முந்தானையை எவ்வளவு இழுத்துவிட்டாலும் மறையாத வயிறு.

விதவைப் பெண்ணின் வயிறு பெருத்தால் ஊர் என்ன நினைக்கும் என்று நான் எழுதத் தேவையில்லை. நாம்தான் அந்த ஊர். ஆசிரியர் அறையில் அவர் நுழைந்ததும் பேச்சு நிற்கும். தேநீர் கொடுக்கும் பெண் கோப்பையைக் கையில் தராமல் மேசையில் வைத்துவிட்டுப் போவாள். ஒருநாள் அவருடைய வகுப்புக் கரும்பலகையில் யாரோ ஒரு தொட்டில் வரைந்திருந்தார்கள். வரைபடம் ஒன்றைக் கொடுக்கப் போன நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். அவர் அதைப் பார்த்தார். துடைப்பானை எடுத்து மெதுவாக, மூலை முடுக்கு விடாமல் துடைத்தார். பிறகு அதே இடத்தில் மகாவலி ஆற்றை வரைந்து பாடத்தைத் தொடங்கினார். அவர் குரல் மட்டும் அன்று எங்கள் வகுப்புவரை வரவில்லை.

பெற்றோர் சிலர் அதிபரைக் காண வந்தார்கள். அவர்கள் போனபின் அதிபர் நபீசா டீச்சரை அழைத்தார். தனியே ஒரு பெண்ணோடு இதைப் பேசக் கூசி, என்னையும் வந்து இருக்கச் சொன்னார். பென்சிலை உருட்டிக்கொண்டே, "டீச்சர், ஒரு மெடிக்கல் சேர்ட்டிபிகேட் கொண்டு வந்தா... நமக்கு மறுமொழி சொல்ல லேசா இருக்கும்" என்றார்.

நபீசா டீச்சர் என் பக்கம் திரும்பி, சேலைக் கரையைக் கணுக்கால் தெரியுமளவுக்கு மட்டும் தூக்கினார். "கமலா டீச்சர், இதுல ஒங்கட விரல வெச்சி அமத்துங்க" என்றார். குனிந்து அழுத்தினேன். மாவில் அழுத்தியதுபோல விரல் உள்ளே போனது. எடுத்தபின்னும் குழி அப்படியே இருந்தது. நாங்கள் மூவரும் அந்தக் குழியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அது நிரம்ப வெகுநேரம் எடுத்தது.

"வயித்துலயும் இதுதான் சேர். தண்ணி" என்றார்.

அதிபர் தலையைத் தூக்கவில்லை. வெளியே வந்ததும் நான் கேட்டேன்: "இத மொதல்லயே சொல்லியிருக்கலாமே டீச்சர்? அவங்க வாயெல்லாம் அடைஞ்சிருக்குமே."

"என்னத்தச் செல்ற? ஒண்ணுக்குப் போறது கொறஞ்சி போச்செண்டா? ஆம்புளையள் இருக்கிற எடத்துலயா? அவங்க நெனச்சதே இதவிட லேசு." சொல்லிவிட்டு முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். அவருடைய மூச்சில் ஒரு நெடி வரத் தொடங்கியிருந்தது. அவருக்கும் அது தெரிந்திருந்தது.

கண்டியிலுள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குச் சலீமும் நானும் கூட்டிப்போனோம். யாழ்ப்பாணத்து இளம் டொக்டர் ஒருவர் பரிசோதித்தார். இரண்டு சிறுநீரகங்களும் சுருங்கிவிட்டன, இரத்தத்தில் கழிவு தேங்கிவிட்டது என்றார். தொப்புளுக்குக் கீழே துளையிட்டு ஒரு குழாயை உள்ளே விடுவார்களாம். போத்தலிலிருந்து மருந்து நீரை வயிற்றுக்குள் இறக்கி, சிறிது நேரம் வைத்திருந்து, திரும்ப வெளியே எடுப்பார்களாம். கழிவு அந்த நீரோடு வந்துவிடும். திரும்பத் திரும்ப அப்படிச் செய்யவேண்டும்.

"இது சுகமாக்கிற வைத்தியமில்லை அம்மா. கொஞ்சக் காலம் கிடைக்கும். கிருமி தொத்தினால் ஆபத்தும் இருக்கு. மறைக்காமல் சொல்லுறன்" என்றார்.

டீச்சர் கேட்டது ஒன்றுதான். "கொழாயப் போடுறது யாரு?"

"நான்தான்."

"அப்ப வேணாம்" என்று எழுந்துவிட்டார். சலீம் அங்கேயே அழுதார். "ராத்தா, வெக்கத்துக்காக மவுத்தாகுறதா?" என்று கேட்டார். டீச்சர் முன்னால் பஸ் நிலையம்வரை நடந்தார்.

அடுத்த வாரம் வாந்தியும் அரிப்பும் தாங்கமுடியாமல் அவராகவே போகலாம் என்றார். சிங்களத் தாதி ஒருவர், அவர் பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை, வெள்ளைத் துணிகளை மேலும் கீழும் போர்த்தி உள்ளங்கையளவு இடத்தை மட்டும் விட்டார். நான் தலைமாட்டில் நின்றேன். டீச்சர் வலிக்குக் கண்ணை மூடவில்லை, டொக்டர் துணியை விலக்கியபோதுதான் மூடினார். அப்புறம் மல்லாந்தபடியே கிடந்தார். கட்டிலின் தலைக்கு மேலே போத்தல்கள், கீழே தரையில் வடியும் சாடி. நீர் குளிர்ந்திருந்தால் தோள்வரை வலிக்கும் என்று தாதி போத்தல்களைச் சுடுநீரில் வைத்து எடுத்தார். வடியும் நீர் தெளிவாக இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். கலங்கினால்தான் பயம்.

"என்ட வயித்த இவங்க எல்லாரும் பாத்துட்டாங்க. இன்னும் உயிரோடதான் இரிக்கன்" என்று டீச்சர் என்னிடம் சொன்னார். அப்போது சிரித்தாரா, அழுதாரா என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை.

வீக்கம் வடிந்தது. பழைய முகம் வந்தது. உப்பில்லாத சோற்றையும் அளந்து கொடுத்த தண்ணீரையும் முறைப்பாடு சொல்லாமல் ஏற்றுக்கொண்டார். ஆனால் குழாயை எடுத்த இடம் உடனே மூடவில்லை, கசிந்துகொண்டே இருந்தது. தொழுவதற்குச் சுத்தமில்லை என்று மனம் உடைந்துபோனார். ஓயாமல் கசியும் நோயாளிக்கு விதிவிலக்கு உண்டு, தொழுகைக்குத் தொழுகை சுத்தம் செய்துகொண்டு தொழலாம் என்று பள்ளிவாசலில் கேட்டுவந்து சலீம்தான் சொன்னார். சலீம் யாரிடம், என்ன சொல்லிக் கேட்டார் என்பதே டீச்சருக்குப் பெரிய கவலையாக இருந்தது.

தடித்த துணியை வைத்துக் கட்டிக்கொண்டு பாடசாலைக்கு வந்தார். சோதனைக்குப் பிள்ளைகளை ஆயத்தப்படுத்தவேண்டும் என்பது அவர் பிடிவாதம். ஒருநாள் பாடத்தின் நடுவே துணி நனைந்து சேலையின் முன்பக்கம் முழுவதும் ஈரம் பரவிவிட்டது. அவர் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். வெளி விறாந்தையில் ஆண் ஆசிரியர்கள் போய்வந்துகொண்டிருந்தார்கள். முன்வரிசையில் இருந்த ஒருத்தி எழுந்து அவர் பக்கத்தில் போய் நின்றாள். பிறகு இன்னொருத்தி. வகுப்பு முழுவதும் எழுந்து அவரைச் சுற்றி நின்று, அப்படியே ஆசிரியர் அறைவரை நடத்திக்கொண்டு வந்தார்கள். எதிரே வந்தவர்களுக்கு வெள்ளைச் சட்டைகளைத் தவிர எதுவும் தெரியவில்லை. தொட்டிலை வரைந்த கையும் அந்தக் கூட்டத்தில்தான் இருந்திருக்க வேண்டும். டீச்சர் அதைக் கேட்கவில்லை. "இந்தப் புள்ளைகள்ட பேர ஒரு நாளும் கெட்டதாச் செல்லவேணாம்" என்று மட்டும் என்னிடம் சொன்னார்.

மறுபடியும் குழாய் போட்டார்கள். அதன் பின்னும் ஒருமுறை. அந்த முறைதான் வடிந்த நீர் கலங்கலாக வந்தது, அரிசி கழுவிய தண்ணீர்போல. தாதி சாடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு எங்களைப் பார்க்காமல் போய் டொக்டரைக் கூட்டிவந்தார். காய்ச்சல் ஏறியது. வயிறு பலகையாக இறுகிப்போனது. போத்தல் போத்தலாக மருந்து ஏற்றினார்கள். டொக்டர் இரண்டு நாட்கள் அவரைவிட்டு அதிகம் நகரவில்லை. பிறகு இனிக் குழாய் போட வயிறு இடம் தராது என்றார். டீச்சர் வீட்டுக்குப் போகவேண்டும் என்றார்.

வீட்டில் கடைசியாகக் கண்டபோது பேச்சு மெலிந்திருந்தது. குனிந்து கேட்டேன். "டீச்சர், நான் போன பொறகு கேப்பாங்க, என்ன வருத்தமெண்டு. வயித்துல ஏதோ எண்டு செல்லவேணாம். கிட்னி பழுதாப் போச்சி, ஒண்ணுக்குப் போகல்ல, வயித்தால தண்ணி எடுத்தாங்க எண்டு செல்லுங்க. நேரத்தோட செல்லாம விட்டதுதான் என்ட பெழ. இன்னொருத்தி மறைச்சிட்டு இரிக்கக் கூடாது."

அலுவிகாரை வீட்டு முற்றத்தில் அன்று மாத்தளையே நின்றது. அதிபர் வந்திருந்தார். முன்பு அவரிடம் முறையிட வந்த பெற்றோரும் வந்திருந்தார்கள். அவர்களில் ஒரு பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உண்மையில என்ன வருத்தம் டீச்சர்?" என்று காதருகில் கேட்டாள். பக்கத்தில் ஆண்கள் நின்றார்கள். நான் டீச்சர் சொன்னபடியே, ஒரு சொல்லும் விடாமல் சொன்னேன். அவள் கையை விட்டுவிட்டுத் தரையைப் பார்த்தாள்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்த வார்த்தைகளைத்தான். கேட்கிறவர்களுக்கெல்லாம் சொல்கிறேன். போன வாரம் தேயிலைத் தோட்டத்திலிருந்து பஸ்ஸில் வந்த ஒரு பெண்ணின் வீங்கிய காலைப் பார்த்து, கேட்காமலே சொன்னேன். ஆனால் 'ஒண்ணுக்குப் போகல்ல' என்ற இடம் வரும்போது, பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று என் கண் இன்னும் ஒருமுறை சுற்றிப் பார்த்துவிடுகிறது.