வால் நறுக்கிய கெண்டை

மீன் எண்ணுவதற்குச் சம்பளம் தருவார்கள் என்பதை என் மாமியார் கடைசிவரை நம்பவில்லை. எண்பதுகளின் தொடக்கத்தில் ஜவ்வாது மலையில் எனக்கு அதுதான் உத்தியோகம். ஓடையில் எவ்வளவு மீன் விளைகிறது என்று பார்த்து, அங்கே வலை போட விடலாமா கூடாதா என்று எழுத வேண்டும்.

வேலை சுலபம்தான். ஓடை நெடுகக் கெண்டை பிடித்து, எடை போட்டு, வால் நுனியைத் துளி நறுக்கி, பிடித்த இடத்திலேயே விட்டுவிடுவோம். பத்து நாள் கழித்து மறுபடி வலை. வால் நறுக்கியவை அங்கொன்றும் இங்கொன்றுமாக வந்தால் மீன் ஏராளம். அவையே திரும்பத் திரும்ப வந்தால் ஓடை காலி.

சோம்பேறித்தனத்தில் இரண்டாம் முறை கோயிலை ஒட்டிய மடுவில் மட்டும் வலை வீசினோம். முக்கால்வாசி வால் நறுக்கியவை! எங்கள் அதிகாரியின் முகம் சுருங்கியது.

"ரெண்டு வருஷம் ஓடையை மூடணும்னு எழுதுங்க."

கரையோர ஊரில் களிக்குக் குழம்பே அந்த மீன்தான். எழுத எனக்குக் கை வரவில்லை.

மறுநாள் அந்த ஊர் அம்மா ஒருவர் குடத்தோடு மடுவுக்கு வந்தார். குடத்தில் நீந்திய இரண்டு கெண்டைகளைத் தண்ணீரில் விட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"ஏம்மா விட்டுட்டீங்க?"

"வாலு நறுக்கிக்கிது பாருங்க சார். யாரோ சாமிக்கு நேர்ந்து வுட்டது. அத்த எப்டி துன்றது? எங்க மாட்னாலும் சாமிகிட்ட கொண்டாந்து வுட்டுடுவோம்."

அந்த ஊரில் ஆட்டுக்குக் காதை நறுக்கித்தான் நேர்ந்துவிடுவார்கள்.

"நறுக்கினது நாங்கதாம்மா."

"நீங்களா! இன்னா வேண்டுதலுங்க?"

சிரிப்பை அடக்க முடியவில்லை. கூடவே வெட்கமாகவும் இருந்தது. ஒரு மாதமாக அந்த ஊரில் தண்ணீர் வாங்கிக் குடித்தும், என்ன செய்கிறோம் என்று ஒருவரிடமும் சொல்லவில்லை.

விஷயத்தைக் கேட்ட அதிகாரி தலையில் அடித்துக்கொண்டு எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கச் சொன்னார். இம்முறை வாலை விட்டு, மீனின் பக்கத் துடுப்பில் நறுக்கினோம். பத்து நாள் யாரும் மீன் பிடிக்க வேண்டாம் என்று ஊரைக் கூட்டிக் கேட்டேன். ஒரு வீட்டிலும் மீன் குழம்பு கொதிக்கவில்லை.

பதினோராம் நாள் ஓடை முழுக்க வலை வீசினோம். நறுக்கியது அபூர்வமாகத்தான் வந்தது. ஓடையை மூட வேண்டாம் என்று அதிகாரியே கைப்பட எழுதினார்.

தாளை எடுத்துக்கொண்டு ஊருக்கு ஓடினேன். எல்லாரும் கூடினார்கள். தொண்டையைச் செருமிக்கொண்டு, "மேற்படி ஓடையில்" என்று ஆரம்பித்தேன்.

"வலை போடலாங்களா, கூடாதுங்களா? அத்த சொல்லுங்க சார்" என்றார் அந்த அம்மா.

"போடலாம்மா."

இரண்டாவது வரியைப் படித்துவிட்டு நிமிர்ந்தபோது எதிரில் யாருமே இல்லை. ஊரே ஓடையில் இறங்கியிருந்தது.