மடித்துப் போட்ட சீட்டு

மகள் படிக்கும் ஏழாம் வகுப்பில் பிள்ளைகள் சீட்டில் பெயர் எழுதி, மடித்துப் போட்டுத் தலைவரைத் தேர்ந்தெடுத்தார்கள். எங்கள் முதலாளியின் மகன் ஒரே ஓட்டில் தோற்றான். கம்பம் ரோட்டில் உள்ள அவருடைய திராட்சைத் தோட்டத்தில்தான் நான் மருந்தடிக்கிறேன்.

மறுநாள் அவர் பந்தலுக்குள் குனிந்து வந்தார்.

"ஏப்பா, உம் மக யாருக்குப் போட்டா?"

"கேட்டேன் மொதலாளி. சொல்ல மாட்டேங்குறா."

"பெத்த அப்பன்கிட்டயேவா? நல்லா வளத்திருக்க போ!" என்று சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "நாளைக்குக் கேட்டுட்டு வா. இல்லேன்னா வேலைக்கு வராத."

மாலையில் மகளிடம் கத்திவிட்டேன். அவள் அழுதாள்.

"யாரு கேட்டாலும் சொல்லக் கூடாதுன்னு டீச்சர் சொன்னாக. நீங்க யாருக்குப் போட்டீகன்னு நான் கேட்டேனா?"

நான் ஒவ்வொரு தேர்தலிலும் ஓட்டுப் போட்ட கையோடு முதலாளியிடம் போய், "சொன்னபடி போட்டுட்டேன்" என்று சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்கு வருவேன். அதை மரியாதை என்றே நினைத்திருந்தேன்.

காலையில் மருந்து டேங்கை முதுகில் மாட்டும்போது அவர் வந்துவிட்டார். 'உங்க மகனுக்குத்தான்' என்று ஒரு பொய் சொன்னால் போதும்.

"அதைக் கேக்கக் கூடாதாம் மொதலாளி," என்றேன்.

"டேங்கை எறக்கி வச்சுட்டுப் போ."

இறக்கி வைத்துவிட்டு நடந்தேன்.