கண்ணாடி அலமாரி மாப்பிள்ளைகள்

கத்தி சாருக்கு ஒரு வெங்காயம் வெட்டத் தெரியாது என்று சொன்னால் அந்தத் தெருவில் ஒருவரும் நம்பமாட்டார்கள். முன்னறைச் சுவர் முழுக்கக் கண்ணாடி அலமாரி. அதற்குள் பச்சைத் துணி விரித்து வரிசையாகக் கத்திகள். மடக்குக் கத்தி, கொம்புப் பிடி போட்ட வேட்டைக் கத்தி, மீன் செதில் எடுக்கும் கத்தி, ஏதோ ஒரு கப்பலில் ஏதோ ஒரு மாலுமியின் இடுப்பில் இருந்தது என்று விற்றவன் சத்தியம் செய்த கத்தி. இத்தனையும் வைத்திருக்கிற மனிதர் ஒரு வெங்காயத்தின் முன்னால் திருதிருவென்று விழித்தார் என்றால் சிரிப்புத்தான் வரும். சிரித்துக்கொள்ளுங்கள், பரவாயில்லை. அவர் மனைவி இருந்திருந்தால் அவளும் வயிறு வலிக்கச் சிரித்திருப்பாள்.

கத்தி சார் என்ற பெயர் இந்த அலமாரியால் வந்ததல்ல. நில அளவைத் துறையில் சர்வேயராக இருந்தபோது ஆபீஸில் வைத்த பெயர். காடு மேடு என்று அளவுச் சங்கிலி இழுத்துக்கொண்டு அலைகிற வேலை. இடுப்பில் எப்போதும் ஒரு தடித்த கத்தி தொங்கும். புதர் விலக்க அதுதான், முளைக்குச்சி சீவ அதுதான், மதியம் டப்பா திறக்கவும் அதுதான். ஒருமுறை மேலதிகாரியின் ஜீப் சேற்றில் சிக்கி, எல்லாரும் கையைப் பிசைந்துகொண்டு நின்றபோது, இவர் மரக்கிளைகளை வெட்டிச் சக்கரத்தின் அடியில் கொடுத்து வண்டியைக் கரையேற்றினார். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர் ஓய்வு பெற்ற பிறகும் போகவில்லை.

உழைக்கிற கத்தியிலிருந்து அழகான கத்திக்கு அவர் எப்படித் தாவினார் என்பது அவருக்கே தெரியாது. முதலில் ஒன்று வாங்கினார், அதற்குத் துணையாக இன்னொன்று வாங்கினார், அப்புறம் அலமாரி வாங்கினார். அலமாரி வந்தபின் காலியிடம் கண்ணை உறுத்தியது. மாதம் ஒருமுறை எல்லாவற்றையும் எடுத்துத் துடைத்து, மெல்லிசாக எண்ணெய் தடவி, விரல் ரேகை படாமல் திரும்ப வைப்பார். அவற்றால் ஒரு நூலைக்கூட அறுக்கமாட்டார். தீட்டவும் மாட்டார். சேகரிப்பவர்களுக்குள் அது ஒரு கட்டுப்பாடு. செய்தவன் கொடுத்த கூர் அப்படியே இருக்கவேண்டும், கல்லில் வைத்தால் கத்தியின் கற்பே போய்விட்டது போலப் பேசுவார்கள்.

அவர் மனைவி அந்த அலமாரிக்கு ஒரு பெயர் வைத்திருந்தாள்.

"இவங்கெல்லாம் வீட்டோட மாப்பிள்ளைங்க," என்பாள் வருகிறவர்களிடம். "நேரா நேரத்துக்கு எண்ணெய் தடவணும், மெத்தை போடணும். வேலை மட்டும் சொல்லிடக் கூடாது. சொன்னா முகம் கறுத்துடும்."

அவளிடம் இருந்தது ஒரே ஒரு கத்தி. அடுப்படி ஜன்னலோரம் ஓர் ஆணியில் தொங்கும். கல்யாணத்தின்போது அவள் அம்மா வீட்டிலிருந்து வந்த சாமான்களில் ஒன்று. வருஷக்கணக்கில் தீட்டித் தீட்டி அகலம் குறைந்து, மரப்பிடி அவள் விரல்களுக்கு ஏற்றபடி குழிந்துபோயிருந்தது. அந்தக் கத்தியின் கதையைச் சொல்லாமல் கத்தி சாரின் கதையைச் சொல்ல முடியாது.

அவள் இடது கைக்காரி. பிறந்த வீட்டில் அதற்காக வாங்கிய திட்டுக்கு அளவில்லை. எழுதும்போது திட்டு, பரிமாறும்போது திட்டு. எல்லாவற்றையும்விடக் காய் வெட்டும்போது. அவள் வெட்டினால் துண்டு மேலே மெல்லிசாகத் தொடங்கிக் கீழே தடித்து முடியும். "கோணக்கை" என்றே அவளுக்குப் பெயர். கல்யாணமான புதிதில், ஒருநாள் கேரட் நறுக்கிக்கொண்டிருந்தவள், கணவன் பார்ப்பதைக் கண்டு பலகையை முந்தானையால் மறைத்தாள்.

கத்தி சார் பலகையைப் பார்க்கவில்லை, கத்தியைப் பார்த்தார். வாங்கி வெளிச்சத்தில் திருப்பினார். ஒரு பக்கம் மட்டும் சாய்வாகத் தீட்டி, மறுபக்கம் தட்டையாக விட்ட கத்தி. வலது கையில் பிடிப்பவர்களுக்காகச் செய்தது. இடது கையில் பிடித்தால் கோணலாக இழுக்கத்தான் செய்யும்.

"கோணல் உன் கையில இல்ல," என்றார். "கத்தியில இருக்கு."

இதைச் சொல்ல அவள் வாழ்க்கையில் அதுவரை ஒரு ஆள் இல்லை. அன்று தொடங்கி, விடுமுறை நாளெல்லாம் பின்வாசல் படியில் தீட்டுக்கல்லோடு உட்கார்ந்து, சாய்வை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு மாற்றினார் அவர். இரும்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்து எடுக்கும் வேலை, அவசரப்பட்டால் சூடேறிக் கெட்டுவிடும். முடித்துக் கொடுத்த நாளில் அவள் ஒரு கேரட்டை நறுக்கினாள். துண்டுகள் நேராக, ஒரே கனத்தில் விழுந்தன. வீட்டிலிருந்த கேரட் முழுவதையும் நறுக்கித் தீர்த்தாள். நாலு நாளைக்கு எல்லா வேளையும் கேரட்தான். கத்தி சார் ஒரு குறையும் சொல்லாமல் சாப்பிட்டார்.

அதன் பிறகு அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டானது. வெங்காயம் வெட்டும்போது அவள் கண் கலங்கினால் கத்தி மழுங்கிவிட்டது என்று அர்த்தம். கூரான கத்தி வெங்காயத்தை நசுக்காது, நசுங்காத வெங்காயம் கண்ணை எரிக்காது. அவள் கண்ணைத் துடைத்தபடி கத்தியைக் கொண்டுவந்து தீட்டுக்கல் பக்கத்தில் வைப்பாள்.

"பாருங்க, உங்களால ஒரு பொம்பளை அழறா," என்பாள்.

அவர் அன்றே தீட்டிக் கொடுத்துவிடுவார். மகளும் இதைப் பார்த்தே வளர்ந்தாள். பள்ளியில் விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு அழுதபடி வந்த ஒருநாள், "என்னம்மா, கத்தி மழுங்கிடுச்சா?" என்று அவர் கேட்க, அழுகையோடு சிரித்தாள் அந்தக் குட்டி. எத்தனை நல்ல காலம் அது! அப்போது அது நல்ல காலம் என்று யாருக்குத் தெரிந்தது?

மனைவி போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. கத்தி சார் ரொட்டியிலும் வாழைப்பழத்திலும் பாலிலும் காலம் தள்ளினார். பெல்ட்டில் புது ஓட்டை போடும் அளவுக்கு இளைத்துப்போனார். மகள் வேறு ஊரில் குடும்பத்தோடு இருக்கிறாள். போனில் கெஞ்சிப் பார்த்தாள், அதட்டிப் பார்த்தாள். கடைசியில் ஒரே போடாகப் போட்டாள்.

"ஞாயித்துக்கிழமை வரேன்ப்பா. பெரிய பெட்டியோட வரேன். உங்களைக் கூட்டிட்டுப் போறேன், வீட்டைப் பூட்டுறோம்."

"எனக்கென்னம்மா இங்க குறை?"

"அப்ப ஒண்ணு பண்ணுங்க. நான் வர்ற அன்னிக்கு உங்க கையால சமைச்சு எனக்கு ஒரு வேளை சாப்பாடு போடுங்க. வெளியில வாங்கி ஏமாத்தக் கூடாது. போட்டுட்டீங்கன்னா பெட்டியை வெறும் பெட்டியாவே திருப்பிக் கொண்டுபோறேன்."

மகளைக் குறை சொல்ல முடியாது. அவள் கவலை அவளுக்கு. ஆனால் இந்த வீட்டை விட்டுப் போவது என்றால் அவருக்கு என்ன என்று அவளிடம் எப்படிச் சொல்வது? பின்வாசல் படியும் ஜன்னலோர ஆணியும் இங்கேதான் இருக்கின்றன. மனைவி இந்த வீட்டில்தான் இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தாள். பூட்டிவிட்டால் அந்தக் கொஞ்சமும் போய்விடும் என்று அவர் பயந்தார்.

காய்கறி சூப், முட்டை, ரொட்டி என்று தீர்மானித்தார். சனிக்கிழமை ஒத்திகை. ஆணியிலிருந்து கத்தியை எடுத்து, வெங்காயத்தின் மேல் வைத்து அழுத்தினார். கத்தி ஒரு பக்கமாக ஓடியது. துண்டு மேலே மெல்லிசு, கீழே தடி. உருளைக்கிழங்கும் அப்படியே. அவர் வலது கைக்காரர், கத்தியோ இடது கைக்கென்று அவரே மாற்றிய கத்தி. கோணக்கை என்ற பெயர் இப்போது அவருக்கு வந்துவிட்டது.

இடது கையில் பிடித்துப் பார்த்தார். கேரட் உருண்டது, கத்தி வழுக்கியது, வலது கட்டைவிரலில் ரத்தம். சர்வே வேலையில் வாங்கிய பழைய தடிக் கத்தியை எடுத்து வந்தார். அது காட்டுக்குப் பிறந்த ஜாதி. கேரட்டை வெட்டாமல் பிளந்தது, பாதி கேரட் அடுப்புக்குப் பின்னால் போய் விழுந்தது.

விரல் காயத்தைக் கேள்விப்பட்டு, ஞாயிறு காலை தெருமுனை மருந்துக்கடைக்காரர் பிளாஸ்திரியோடு வந்தார். அவரும் கத்தி சேகரிப்பவர். இருவரும் ஒருவர் அலமாரியை ஒருவர் பார்த்துப் பெருமூச்சு விட்டே நண்பர்களானவர்கள். விரலுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டே கதையைக் கேட்டார்.

"கடையில புதுசா ஒண்ணு வாங்கிட்டாப் போச்சு. இதுக்கு ஏன் சார் இவ்வளவு பாடு?"

"அடுப்படிக்குப் புதுசா ஒருத்தியைக் கூட்டிட்டு வரச் சொல்றீங்களா?"

மருந்துக்கடைக்காரர் ஆணியில் தொங்கிய கத்தியை எடுத்து, சாய்வைப் பார்த்தார்.

"சரி, இதையே மாத்திடலாம். தேஞ்சு மெல்லிசாத்தானே இருக்கு, கொஞ்ச நேர வேலை. கல்லைக் கொடுங்க, நான் பண்றேன். உங்க விரல்தான் கட்டுப் போட்டிருக்கே."

நல்ல யோசனைதான். கத்தி சாரே கல்லை நனைத்துக் கொடுத்தார். நண்பர் பின்வாசல் படியில் உட்கார்ந்தார். கத்தியைக் கவிழ்த்து, தட்டைப் பக்கத்தைக் கல்லில் சாய்த்து வைத்து, ஒரு இழுப்பு இழுத்தார். கல்லில் சாம்பல் நிறத்தில் ஒரு கோடு விழுந்தது.

"வேண்டாம்!"

அவர் போட்ட சத்தத்தில் மருந்துக்கடைக்காரர் படியிலிருந்து எழுந்தே விட்டார். கத்தி சார் கத்தியைப் பிடுங்கி, சட்டை நுனியால் துடைத்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மயிரிழைக் கீறல், அவ்வளவுதான். சாய்வு அப்படியே இருந்தது. அவர் அவளுக்கு நகை வாங்கிக் கொடுத்து மகிழ்ந்த கணவர் இல்லை, வாய் நிறையக் கொஞ்சத் தெரிந்தவரும் இல்லை. அவளுக்கென்று அவர் செய்தது இந்த ஒரு சாய்வுதான்.

கத்தி ஆணிக்குத் திரும்பியது. கத்தி சார் நேராக முன்னறைக்குப் போய் அலமாரியைத் திறந்தார். நடுத்தட்டில், தனிப் பெட்டியில் இருந்ததை எடுத்தார்.

மருந்துக்கடைக்காரருக்கு முகம் வெளுத்துவிட்டது. ஊரில் சேகரிக்கிறவர்கள் அத்தனை பேரும் ஒருமுறை பார்க்க வந்த கத்தி அது. கையால் அடித்துச் செய்த சமையல் கத்தி. இரும்பை மடித்து மடித்து அடித்ததில் அலகெங்கும் தண்ணீர் அலை போல வரிகள் ஓடும். கண்காட்சி ஒன்றில் வாங்கியது. அன்றைக்கு அதன் முன்னால் போவதும் வருவதுமாக இருந்த கணவனைப் பார்த்து, மனைவிதான் சொன்னாள்: "வாங்கித் தொலைங்க. இல்லேன்னா ஊர் போய்ச் சேர்ற வரைக்கும் மூஞ்சியைத் தூக்கி வெச்சுட்டு வருவீங்க."

வீட்டுக்கு வந்ததும் அவள் கேட்டாள். "இதால ஒரே ஒரு வெங்காயம் வெட்டிப் பாக்கட்டுமா?"

"ஐயய்யோ. வெங்காயச் சாறு பட்டா கறை பிடிச்சிடும். போகவே போகாது."

அவள் சிரித்துவிட்டுப் போய்விட்டாள். அப்புறம் எண்ணெய் தடவும் நாட்களில் எப்போதாவது, அந்தப் பக்கம் வந்தால், "என்ன, பெரிய மாப்பிள்ளை இன்னிக்காவது வேலைக்கு வராரா?" என்று கேட்பாள். இவர் ஒருநாளும் சரி என்றதில்லை.

"சார், வேண்டாம் சார்," என்றார் மருந்துக்கடைக்காரர். "ஒரு வெங்காயத்துக்கா? கறை பட்டா அப்புறம் இது வெறும் கத்தி சார்!"

"வெறும் கத்திதான் வேணும் எனக்கு."

இதைப் பார்க்கும் தெம்பு தனக்கு இல்லை என்று சொல்லி மருந்துக்கடைக்காரர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். பாவம், அவர் வேதனை அவருக்கு.

கத்தி சார் வெங்காயத்தைப் பலகையில் வைத்தார். கத்தியை வைத்தார். அழுத்தவே வேண்டியிருக்கவில்லை. தன் கனத்திலேயே கத்தி உள்ளே இறங்கிப் பலகையைத் தொட்டது. துண்டு நேராக, ஒரே கனத்தில் விழுந்தது. அடுத்ததும் அப்படியே. அலகின் அலைகள் மேல் வெங்காயச் சாறு படர்ந்தது, கூர்ப்பக்கம் லேசாகக் கறுக்க ஆரம்பித்தது. இனி அது போகாது.

அப்போதுதான் கத்தியைத் திருப்பிப் பார்த்தார். இரண்டு பக்கமும் ஒரே சாய்வு. இந்தக் கையா அந்தக் கையா என்று கேட்காத கத்தி. இத்தனை வருஷமாக மாதா மாதம் துடைத்து எண்ணெய் தடவியவருக்கு அது தெரியாமலா இருந்தது? தெரியும். அவள் கேட்டபோதெல்லாம் நினைவுக்கு வரவில்லை, அவ்வளவுதான். இதைக் கொடுத்திருந்தால் அவள் ஒரே ஒரு வெங்காயம் வெட்டியிருப்பாள், சிரித்திருப்பாள், கழுவித் துடைத்துத் திருப்பிக் கொடுத்திருப்பாள். கறைதானே பட்டிருக்கும்?

வாசலில் ஆட்டோ நிற்கும் சத்தம் கேட்டது. மகள் பெரிய பெட்டியை இழுத்துக்கொண்டு அடுப்படி வரை வந்தாள். பலகைக்கு முன்னால் அப்பா நின்றுகொண்டிருந்தார். கன்னம் முழுக்கக் கண்ணீர்.

"என்னப்பா, கத்தி மழுங்கிடுச்சா?" என்று சிரித்தபடி கேட்டாள்.

அவர் தலையசைத்து மறுத்தார். "இல்லம்மா. நல்ல கூரா இருக்கு."

அப்புறம்தான் அவள் அவர் கையில் இருந்த கத்தியைப் பார்த்தாள். எந்தக் கத்தி என்று தெரிந்தது. அலகில் பிடித்திருந்த கறையும் தெரிந்தது. பிறகு பெட்டியை அடுப்படி வாசலிலிருந்து தள்ளிக்கொண்டு போய் முன்னறை மூலையில் சாய்த்து வைத்துவிட்டு வந்து, முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"ரெண்டு பேருக்கு ஒரு வெங்காயம் பத்தாதுப்பா," என்றாள். "இன்னொண்ணு வெட்டுங்க."