பறக்கிறவன் வராத தாள்

அந்த மாதப் படக்கதைப் புத்தகத்தில் இரண்டு வீரர்களும் ஒன்றாக வந்தார்கள். அதுவரை ஒரு மாதம் பறக்கிறவன் கதை, மறு மாதம் மின்னல்காரன் கதை என்று தனித்தனியாகத்தான் வரும். இருவரும் தோளோடு தோள் நிற்கும் அட்டையைப் பார்த்ததும் செஞ்சிக் கடைத்தெருப் பிள்ளைகளுக்குத் தலைகால் புரியவில்லை. என் மகளுக்கும்தான்.

நாங்கள் ஊருக்குப் புதிது. எனக்குத் தாலுக்கா ஆபீசில் டைப்பிஸ்ட் வேலை. கணவருக்கு வேலை சேலத்தில். மாதம் ஒருமுறை வந்து போவார். பத்து வயது மகளுக்கு இங்கே தோழி என்று யாருமில்லை. எனக்கும் இல்லை. அந்தப் பிள்ளைகள் அவளைச் சேர்த்துக்கொண்டதே அந்தப் புத்தகத்தால்தான்.

திண்டிவனம் பஸ்ஸில் வருவது ஒரே ஒரு பிரதி. ஒருவர் படித்து முடிக்கும்வரை காத்திருக்க யாருக்கும் பொறுமை கிடையாது. நடுக் கம்பியைக் கழற்றித் தாள் தாளாகப் பிரித்துக்கொள்வார்கள். ஞாயிற்றுக்கிழமை மாலை ராணிக்கோட்டை மலைமேல் தூண் மண்டபத்தில் கூடித் தாள்களை மாற்றிக்கொள்வார்கள். மடித்த தாள் என்பதால் ஒவ்வொன்றிலும் கதையின் முன்பகுதியில் ஒரு துண்டும் பின்பகுதியில் ஒரு துண்டும் இருக்கும். இடையில் நடந்ததை அவரவரே யோசித்துக்கொள்ள வேண்டியதுதான்.

என் மகளுக்கு வந்த தாளில், ஒரு பாதியில் இருவரும் கைகுலுக்குகிறார்கள். "எங்கிருந்து கூப்பிட்டாலும் வருவேன்" என்கிறான் பறக்கிறவன். மறுபாதியில் மின்னல்காரன் கால் ஒடிந்து மலையுச்சியில் தனியாகக் கிடந்து வானத்தைப் பார்க்கிறான். அவ்வளவுதான்.

"அவன் வருவானாம்மா?" என்று அந்த வாரம் முழுக்கக் கேட்டாள்.

"வராம எங்க போவான்? இட்லியத் தின்னு."

ஞாயிற்றுக்கிழமை, எல்லோரும் மேலே இருப்பார்கள் என்று சொல்லிவிட்டுத் தாளோடு கிளம்பினாள். தனியாக ஏறாதே என்று வாசல்வரை வந்து சொன்னேன். விளக்கு வைக்கும் நேரமாகியும் அவள் வரவில்லை. கதவைப் பூட்டக்கூடத் தோன்றாமல் கடைத்தெருவுக்கு ஓடினேன்.

மளிகைக் கடை வாசலில் அத்தனை பிள்ளைகளும் நின்றுகொண்டிருந்தார்கள்.

"எங்க ஆளு இல்லன்னா உன் மின்னலு அம்பேல்டா!"

"போடா, ஒரு மின்னலு உட்டான்னா உன் ஆளு தீஞ்சிபோன காக்கா!"

என் மகள் மட்டும் அங்கே இல்லை.

"நீங்க மேல போகலையா?" என்றேன்.

"இல்லிங்கம்மா," என்றான் மளிகைக் கடைக்காரர் மகன். "நேத்தே சண்ட வந்துடுச்சி. அவனுங்க கட்சிக்கி தாளு தரமாட்டோம்னுட்டோம். யாரும் போவல."

"எம்பொண்ணுகிட்ட சொன்னீங்களா?"

எதிர்க்கட்சிக்காரனைத் திரும்பிப் பார்த்தான். "நீ சொல்லல?"

"நான் இன்னாத்துக்கு சொல்றேன்? அது ரெண்டு பேரயும் புடிக்கும்னுச்சி. உங்க கட்சின்னு நெனச்சேன்."

"நாங்க உங்க கட்சின்னு இல்ல நெனச்சோம்!"

கடைக்காரர் டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு என்னுடன் வந்தார். நான் படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி ஏறினேன். அவர் "பாப்பா, பாப்பா" என்று கத்திக்கொண்டே ஏறினார். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் வெறும் இருட்டு. அந்தப் பக்கம் டார்ச்சை அடிக்காதீர்கள் என்று அவரைக் கேட்டுக்கொண்டேன். அங்கே எதைப் பார்த்துவிடுவேனோ என்று பயம்.

மண்டபத்தில் ஒரு தூணை ஒட்டி உட்கார்ந்திருந்தாள். காற்றில் பறந்துவிடாமல் தாளை முழங்காலுக்கு அடியில் வைத்திருந்தாள். அழவில்லை.

"கடத்தெருல லைட்டு போட்டது இங்கேர்ந்து தெரிஞ்சுதும்மா. அப்பவும் வருவாங்கன்னுதான் நெனச்சேன்."

அவள் மணிக்கட்டைப் பிடித்த பிடியை வீட்டுக்கு வந்தும் என்னால் விட முடியவில்லை. இப்போதும் ஆபீஸ் ஜன்னலில் அந்த மலை கண்ணில் பட்டால் டைப் அடிக்கும் விரல் தப்பான எழுத்தில் விழுகிறது.

மறுநாள் இரண்டு கட்சியும் ஒன்றாக வந்து எங்கள் வாசலில் நின்றன. "எல்லாத் தாளும் இருக்குதும்மா. பாப்பாவே மொத்தமா வச்சிக்கட்டும்."

அவள் வெளியே வரவில்லை. "நான் படிச்சிட்டேன்னு சொல்லிடும்மா" என்றாள் உள்ளிருந்து.

தாள்களை வரிசைப்படுத்தி, நடுவில் ஊசி நூலால் தைத்து அலமாரியில் வைத்தேன். அவள் தொடவில்லை. ஒரு நாள் நானே எடுத்துப் படித்தேன். அடுத்த தாளிலேயே பறக்கிறவன் வந்துவிடுகிறான். புயலில் சிக்கிக்கொண்டேன் என்று சொல்லி நண்பனைத் தூக்கிக்கொள்கிறான்.

"வந்துட்டான்டி," என்றேன், பாடம் எழுதிக்கொண்டிருந்தவளிடம்.

"தெரியும்," என்றாள் தலை நிமிராமல். அந்த வரியை எழுதி முடித்துவிட்டு, "எவ்ளோ நேரம் கழிச்சு?" என்று கேட்டாள்.

மறுபடி புரட்டிப் பார்த்தேன். புத்தகத்தில் அது இல்லை.