பர்ரென்று ஆடிய வால்

நானும் என் கணவரும் ரிமோட் விமானப் பைத்தியங்கள். போன வருடம் ஜார்ஜ்டவுன் வீட்டு ஹாலிலேயே, என் உயரத்தைவிட நீளமான இறக்கை கொண்ட ஒரு பெட்ரோல் விமானத்தைக் கட்டினோம். அதை ஏற்றி இறக்குபவை வாலில் ஆடும் இரண்டு பலகைகள். சின்ன விமானங்களுக்குப் போடும் அட்டை போன்ற மெல்லிய கீல்கள் கையில் இருந்ததால், அவற்றையே இந்தப் பலகைகளுக்கும் மாட்டிவிட்டோம்.

கெப்பாலா பத்தாஸ் பக்கம், வயலை ஒட்டிய திடலில் பறக்கவிட்டோம். அழகாக ஏறியது. உற்சாகத்தில் வேகத்தைக் கூட்டினேன். திடீரென்று பர்ரென்று ஒரு சத்தம்.

“எஞ்சினாங்க?”

“இல்லம்மா, வால் ஆடுது லா! வேகத்தைக் குறை!”

குறைப்பதற்குள் மெல்லிய கீல்கள் கிழிந்து, இடது பலகை பிய்த்துக்கொண்டு போனது. விமானம் மூக்கைக் கவிழ்த்தது. நல்லவேளை, வலது பலகையை அசைக்கத் தனியாக ஒரு சின்ன மோட்டார் இருந்தது. மூக்கு மேலே எழும்ப, ரிமோட்டின் குச்சியை முழுவதும் இழுத்துப் பிடித்தேன். திடலில் நின்றவர்களைத் தாண்டி, விமானம் வயல் சேற்றில் வழுக்கிக்கொண்டு போய் நின்றது. யாருக்கும் அடியில்லை. அதை எடுக்கப் போன என் கணவர் முழங்கால்வரை புதைந்து, “முதல்ல என்னைத் தூக்கும்மா!” என்று கத்தினார். சிரித்த சிரிப்பில் நானும் சேற்றில் உட்கார்ந்துவிட்டேன்.

இப்போதெல்லாம் பெரிய விமானத்துக்கு, நடுவில் கம்பி கோத்த தடித்த கீல்களைத்தான் நெருக்கமாகப் போடுகிறேன். பறக்கவிடும் முன் ஒவ்வொரு பலகையையும் பிடித்துப் பலமாக இழுத்துப் பார்க்கிறேன். கையோடு வந்தால் வரட்டும். வானத்தில் கழல்வதைவிட, தரையிலேயே கழன்றால் நல்லதுதானே!